சுளுக்குதானே என்று விட்டுவிடலாமா?



சென்ற ஆண்டு ரமளானுக்கு முன்பு, பிள்ளையின் கல்வி உதவி விண்ணப்பத்தோடு ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் இடியாப்பம் அவித்து நாலு தெருவுக்குக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துபவர். வாசற்படி ஏறும்போதே நொண்டினார். என்ன என்று விசாரித்தோம். "கொல்லைப் படியில கால் மடங்கிருச்சு. சுளுக்குதான்" என்றார். நாமும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "தைலம் தேய்த்து உருவி விடச் சொல்லுங்கள், நாலு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஐந்து வாரம் கழித்து அதே சகோதரி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் இருந்தது மருத்துவ உதவி விண்ணப்பம். மூன்று தடவை உருவி விட்டும் வீக்கம் வடியவில்லை. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது, வெளிப்பக்கக் கணு எலும்பு முறிந்து விலகியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதம் அடுப்படியில் நிற்க முடியவில்லை. வருமானமும் நின்றது. முதல் நாளே எக்ஸ்ரே எடுத்திருந்தால், எலும்பு விலகும் முன்பே கட்டுப் போட்டுக் குணமாக்க வாய்ப்பு இருந்தது என்று மருத்துவர் சொன்னார்.

அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் நடக்கிறார், தொழில் செய்கிறார். ஆனால் அன்று நாம் சொன்ன அந்த ஒரு வார்த்தை நம் மனதை விட்டுப் போகவில்லை. அவர் மறதியாலோ அலட்சியத்தாலோ தவறு செய்யவில்லை. நாம் எல்லோரும் நம்புவதைத்தான் அவரும் நம்பினார். ஆகவே இந்த இதழில் கணுக்கால் சுளுக்கைப் பற்றி, மருத்துவர்களிடமும் இயன்முறை மருத்துவர்களிடமும் கேட்டு அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். வீட்டில் எல்லோரும் கேட்கும்படி ஒருவர் வாசித்துக் காட்டினால் நல்லது.

பிசகல் அல்ல, கிழிசல்

நம் பேச்சு வழக்கில் கழுத்துப் பிடித்தாலும் சுளுக்கு, இடுப்புப் பிடித்தாலும் சுளுக்கு, கால் மடங்கினாலும் சுளுக்கு. "நரம்பு பிசகிவிட்டது", "நரம்பு ஏறிக்கொண்டது" என்கிறோம். பிசகியது என்று நினைப்பதால்தான் அதைத் தடவி, உருவி, இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றுகிறது. கணுக்காலில் நடப்பது அது அல்ல.

ஒளுச் செய்யும்போது கரண்டை வரை கால்களைக் கழுவுகிறோம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனப் புடைத்து நிற்கும் அந்த இரண்டு எலும்புகள் கீழ்க்காலின் இரு எலும்புகளுடைய நுனிகள். அவை இரண்டும் இடுக்கிபோலச் சேர்ந்து பாதத்தின் மேல் எலும்பைப் பிடித்திருக்கின்றன. எலும்பை எலும்போடு சேர்த்துக் கட்டியிருப்பவை லிகமென்ட் எனப்படும் நார்கள். இவை நரம்புகளும் அல்ல, தசைகளும் அல்ல. கூரையின் மூங்கில்களைக் கட்டிய கயிறுபோல உறுதியானவை. மூட்டு அளவுக்கு மீறித் திரும்பும்போது அந்தக் கயிறு இழுபட்டு, பிரி பிரியாகக் கிழிகிறது. அதுதான் கணுக்கால் சுளுக்கு. கிழிந்த இடத்தில் சிறு இரத்தக் குழாய்களும் அறுபடுவதால்தான் வீக்கமும், மறுநாள் நீலம் பாய்வதும் உண்டாகின்றன.

பெரும்பாலும் பாதம் உள்பக்கம்தான் மடங்குகிறது. அதற்குக் காரணம் உண்டு. வெளிக் கரண்டை உள் கரண்டையைவிடக் கீழே இறங்கியிருப்பதால், பாதம் வெளியே சாயாமல் தடுக்கிறது. உள்பக்கத்து நார் அகலமானது, வலுவானது. வெளிப்பக்கத்திலோ தனித்தனியாக மூன்று நார்கள்தான் இருக்கின்றன. அவற்றில் முன்பக்கம் இருப்பதே முதலில் கிழியும். கால் மடங்கியவர்களில் பலர் வெளிக் கரண்டைக்குச் சற்று முன்னும் கீழுமாக விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டுவது இதனால்தான்.

மருத்துவர்கள் இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் நார் இழுபட்டு, சில இழைகள் மட்டும் கிழிந்திருக்கும். வீக்கம் குறைவு, வலியோடு நடக்கலாம். இரண்டாம் நிலையில் நார் பாதி கிழிந்திருக்கும். வீக்கமும் நீலமும் நன்றாகத் தெரியும், நொண்டி நொண்டித்தான் நடக்க முடியும். மூன்றாம் நிலையில் நார் முழுவதும் அறுந்து மூட்டு ஆடும். முதல் நிலை ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் சரியாகும். இரண்டாம் நிலைக்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். மூன்றாம் நிலைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். முழுவதும் அறுந்தாலும் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. முறையான பாதுகாப்பும் பயிற்சியும் போதும்.

பிசகல் அல்ல, கிழிசல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே விளங்கும். கிழிந்த துணியை யாரும் இழுத்து உருவுவதில்லை அல்லவா?

முறிவா, சுளுக்கா?

முதல் கேள்வி இதுதான். கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "விரலை அசைக்க முடிகிறது, அதனால் முறிவு இல்லை" என்று சொல்வது வழக்கம். அது தவறு. எலும்பு முறிந்தவர்களாலும் கால் விரல்களை அசைக்க முடியும். வீக்கத்தின் அளவும் நம்பக்கூடியது அல்ல.

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் எளிய சோதனை ஒன்றை வகுத்துத் தந்தார்கள். உலகம் முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கணுக்காலில் வலி உள்ளவருக்குக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்:

1. வெளிக் கரண்டை எலும்பின் நுனியையோ, அதன் பின் ஓரத்தில் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, அதாவது ஏறத்தாழ நாலு விரல் அகலத்துக்கு, எலும்பையோ அழுத்தினால் வலிப்பது.

2. உள் கரண்டையிலும் அதேபோல அழுத்தினால் வலிப்பது.

3. அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும், நாலு அடி எடுத்து வைக்க முடியாமல் இருப்பது. நொண்டியாவது நாலு அடி வைத்தால் அது நடந்த கணக்குதான்.

4. பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினாலோ, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே உள்ள எலும்பை அழுத்தினாலோ வலிப்பது.

இவற்றில் எதுவுமே இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் சகோதரிக்கு வெளிக் கரண்டையின் பின் ஓரத்தைத் தொட்டாலே உயிர் போகும் வலி இருந்தது. கேட்கத் தெரிந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சிலருக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒன்று, சிறுவர்கள். வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு நாரைவிட மென்மையானது. பெரியவர்களுக்கு நார் கிழியும் அடியில் பிள்ளைகளுக்கு எலும்பின் வளரும் பகுதி பாதிக்கப்படலாம். விளையாடும்போது கால் மடங்கிய பிள்ளை எலும்பின் மேலேயே வலியைக் காட்டினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு, எலும்பு தேய்ந்த முதியவர்கள். மூன்று, சர்க்கரை நோயாளிகள். இவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

கால் கோணலாகத் தெரிந்தால், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், பாதம் சில்லிட்டோ வெளுத்தோ மரத்தோ போனால், சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

முதல் மூன்று நாள்

முதலில் காலைக் காப்பாற்றுங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது வீரமல்ல. ஒன்றிரண்டு நாள் அந்தக் காலில் முழு எடையைப் போடாமல், ஊன்றுகோலின் உதவியோடு நடக்கலாம்.

காலை உயர்த்தி வையுங்கள். படுத்திருக்கும்போது இரண்டு தலையணைமேல், நெஞ்சின் மட்டத்துக்கு மேலே பாதம் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் வீக்கம் கூடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கிக் கணுக்காலுக்கு மேல்வரை சுற்றுங்கள். இறுக்கம் கீழே சற்று அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். அவை நீலமானாலோ, மரத்தாலோ, வலி கூடினாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இரவில் படுக்கும்போது கழற்றிவிடலாம்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வரை, ஒரு நாளில் மூன்று நான்கு தடவை வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். ஐஸ் விஷயத்தில் மருத்துவர்களின் கருத்து மாறிக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் தம் நூலில் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல ஆண்டுகளுக்குப் பின்னர், அதிக நேர ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். ஆகவே ஐஸ் வலியைக் குறைக்க மட்டுமே. வலி தாங்க முடிகிறதென்றால் அது இல்லாமலும் இருக்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் போதும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேடு செய்யலாம். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை விழுங்க வேண்டாம்.

முதல் மூன்று நாளில் செய்யக் கூடாதவை: வெந்நீர் ஒத்தடம், சூடான பற்று, உருவுதல், திருகுதல், இழுத்தல். சூடும் தேய்ப்பும் இரத்த ஓட்டத்தைக் கூட்டும். அறுபட்ட குழாய்களில் இன்னும் இரத்தம் கசியும், வீக்கம் பெருகும்.

உருவுகிறவரிடம் போகலாமா?

ஒவ்வோர் ஊரிலும் சுளுக்கு வழிக்கிறவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நல்ல மனிதர், காசு கூட வாங்கமாட்டார். "அவர் உருவினால் எனக்குச் சரியாயிற்றே" என்று பலர் சொல்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. முதல் நிலைச் சுளுக்கு யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். கழுத்துப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு போன்ற தசைப்பிடிப்புகளில் இதமாகத் தடவுவது சுகம் தரும். ஆனால் உருவுகிறவர் கைக்கு முறிவும் கிழிசலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒட்டி நிற்கும் முறிந்த எலும்பு அந்தக் கையின் அழுத்தத்தில் விலகினால், அதற்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் கட்டிலும் ஆபத்து உண்டு. காலுக்குள் வீக்கம் பெருகும்போது கட்டு நெகிழாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்களையே இழந்தவர்கள் உண்டு என்று எலும்பு மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

பாட்டிமார் போடும் புளியும் உப்பும் சேர்ந்த பற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். சூடு தணிந்த பிறகு, கிழியாத தோலின்மேல், தேய்க்காமல் பூசினால் பெரிய தீங்கில்லை. அது கிழிந்த நாரை ஒட்டவைக்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் வழக்கம். ஷிஃபாவை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நமக்குக் காட்டித் தந்ததும் நம் நபி (ஸல்) அவர்கள்தாம். துஆ ஒரு கையிலும் எக்ஸ்ரே மறு கையிலும் இருப்பதில் முரண்பாடு இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு

நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. பல ஆண்டு சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போனவருக்கு, எலும்பு முறிந்தாலும் அவ்வளவாக வலிக்காது. வலி இல்லையே என்று அவர் நடந்துகொண்டே இருப்பார். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கியிருந்தால், அடிபட்ட நினைவே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சார்கோ பாதம் என்ற நிலையில் பாத எலும்புகள் நொறுங்கி வடிவமே மாறிவிடும். தொடக்கத்தில் கண்டுபிடித்துக் காலில் எடை போடாமல் காத்தால் பாதத்தைக் காப்பாற்ற முடியும். இவர்கள் வெந்நீர், சூடான பற்று, ஐஸ் எதையும் தாமாக வைக்கக் கூடாது. சுடுவதும் சில்லிடுவதும் தெரியாமல் புண்ணாகிவிடும்.

நாலாம் நாளிலிருந்து அசைவே மருந்து

ஒரு பக்கம் உருவிக் கெடுக்கிறோம் என்றால், மறுபக்கம் அசையாமல் வைத்துக் கெடுக்கிறோம். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மாதம் கட்டிலிலேயே இருந்தால், மூட்டு இறுகி, கெண்டைக்கால் தசை மெலிந்துபோகும். கிழிந்த நார் ஆறும்போது, எந்தத் திசையில் இழுவை வருகிறதோ அந்தத் திசையில்தான் புதிய இழைகள் வரிசையாக அமைகின்றன. அளவான அசைவு அவற்றுக்கு வழிகாட்டுகிறது. முழுவதும் அறுந்த நிலையில் மட்டும் சில நாள் அசையாமல் கட்டிவைக்க மருத்துவர் சொல்லக் கூடும்.

பயிற்சியைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்யலாம். வலி இலேசாக இருந்தால் தொடருங்கள். கூர்மையாகக் குத்தினாலோ மறுநாள் வீக்கம் கூடினாலோ ஒரு படி பின்வாங்குங்கள்.

முதல் வாரம்: உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு கட்டை விரலால் காற்றில் 1 முதல் 10 வரை எண்களை எழுதுங்கள். ஒரு நாளில் நாலைந்து முறை செய்யலாம். எழுதும்போது முழங்கால் அசையாமல் கணுக்கால் மட்டும் அசைய வேண்டும்.

இரண்டாம் வாரம்: காலை நீட்டி அமர்ந்து, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரு கைகளாலும் உங்களை நோக்கி இழுத்து 20 நொடி பிடியுங்கள். பிறகு பாதத்தின் வெளி விளிம்பைச் சுவரில் வைத்து 5 நொடி அழுத்துங்கள். மூட்டு அசையாது, ஆனால் அதைக் காக்கும் வெளிப்பக்கத் தசை வலுப்பெறும்.

மூன்றாம் வாரம் முதல்: சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை எளிதாக வந்த பிறகு ஒற்றைக் காலில் செய்யுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது, ஒற்றைக் காலில் நிற்பது. சுவரோரம் நின்று, அடிபட்ட காலில் மட்டும் 30 நொடி நிற்கப் பழகுங்கள். பல் துலக்கும்போது செய்யலாம். எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள். இது ஏன் என்றால், நார் வெறும் கயிறு அல்ல. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு நுனிகள் அதில் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தச் செய்தியும் குறைகிறது. வலி போன பிறகும் "கால் நம் பேச்சைக் கேட்கவில்லை" என்று பலர் சொல்வது இதைத்தான். முன்பு சுளுக்கிய கால்தான் மறுபடியும் சுளுக்கும் என்பதும் இதனால்தான். ஒற்றைக் கால் பயிற்சியை இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தவர்களுக்கு மறுபடி சுளுக்குவது குறைகிறது. செலவில்லாத மருந்து இதைவிட வேறு இல்லை.

ஊன்றுகோல் ஒன்றை மட்டும் பிடிப்பதாக இருந்தால் நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே.

தொழுகையில்

இரு ஸஜ்தாக்களுக்கு இடையிலும் அத்தஹிய்யாத்திலும் இடது பாதத்தைப் படுக்கவைத்து அதன்மேல் அமர்கிறோம். அப்போது பாதம் நீண்டு, உள்பக்கம் திரும்புகிறது. கிழிந்த முன் நாரை இழுப்பது சரியாக இந்த நிலைதான். வலது பாதம் என்றால், விரல்களை மடக்கி நட்டு வைப்பதில் மூட்டு அழுத்தப்படுகிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்கு நாற்காலியில் தொழுவது சலுகையாகக் கிடைத்த வழி. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய இலகு. "நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று காலை வருத்திக்கொள்ள வேண்டாம். எந்த நிலைகளை நின்றும் எவற்றை அமர்ந்தும் நிறைவேற்றுவது என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒளுவுக்குக் கிரேப் பேண்டேஜை அவிழ்த்துக் கழுவிவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம். அவிழ்க்கக் கூடாத மாவுக்கட்டின்மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் செய்யும் விவரமும் உண்டு. ஆகவே இதையும் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுச் செய்யுங்கள். மாவுக்கட்டின்மேல் தண்ணீரை ஊற்றி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிவாசலுக்கு வருவோருக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளும், ஹவுளைச் சுற்றிப் பாசி பிடித்த தரையும் எத்தனையோ முதியவர்களின் கணுக்காலைப் பதம் பார்த்திருக்கின்றன. செருப்பை அடுக்கில் வைப்பதும், வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் நன்மையான காரியங்கள். நிர்வாகிகள் ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத விரிப்புப் போட ஆவன செய்யலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

ஆண்களுக்குக் கால் மடங்கினால் கட்டிலுக்குத் தேநீர் வருகிறது. தாய்மார்களுக்கு மடங்கினால் அவர்களே எழுந்து தேநீர் போடுகிறார்கள். "நான் படுத்துவிட்டால் வீடு என்னாவது" என்று முதல் நாளே அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். நம் சகோதரியும் முறிந்த எலும்போடு ஐந்து வாரம் நின்று இடியாப்பம் அவித்தவர்தான். முதல் மூன்று நாள் சமையலையும் தண்ணீர் தூக்குவதையும் மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும். அடுத்த வாரங்களில் அடுப்புக்கு அருகே உயரமான முக்காலி ஒன்று போட்டுக் கொடுங்கள். புர்காவின் விளிம்பு தரையில் படாத அளவுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாடிப்படியில் தடுக்குவது பெரும்பாலும் அதுதான்.

ஆறு வாரம் ஆகியும் வீக்கமோ வலியோ நீடித்தால், மூட்டு அடிக்கடி மடங்கினால், உள்ளே ஏதோ சிக்குவதுபோல இருந்தால், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மூட்டின் உள்ளே குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம், மேல் நார் கிழிந்திருக்கலாம். அவை முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. ஆட்டோ, இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் திடீரெனப் பிரேக்கை அழுத்தும் வலு வந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். பந்து விளையாடும் பிள்ளைகள் அடிபட்ட ஒற்றைக் காலில் வலியின்றித் துள்ள முடிந்த பிறகே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கிறார்கள். நம் அலுவலகத்தில் ஊன்றுகோல்களும் வாக்கரும் இருக்கின்றன. ஜமாஅத்தைச் சேர்ந்த யார் வேண்டுமானாலும் அஸருக்குப் பிறகு வந்து பெற்றுச் செல்லலாம். கால் சரியானதும் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு உதவும்.

இனி யாராவது நொண்டிக்கொண்டு நம் வாசற்படி ஏறினால், தைலம் தேய்க்கச் சொல்லி அனுப்பமாட்டோம். "நாலு அடி நடக்க முடிகிறதா? கரண்டை எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா?" என்று இரண்டு கேள்வி கேட்போம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் உங்கள் வீட்டில் அதையே கேளுங்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவரின் கால்களையும் உறுதியாக்கி, நோயுற்றோருக்குப் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.